படத்தில் விடுபட்ட ஊன்றுகால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் உதைப் பயிற்சி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தற்காப்புக் கலைக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் கூடவே வந்த படத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மாணவியின் கால் எதிராளியின் தலை உயரத்துக்குப் போயிருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இடம் போதாமல் இருந்திருக்கலாம், படத்தை முழங்காலோடு வெட்டிவிட்டார்கள். தரையில் ஊன்றியிருந்த பாதம் அதில் இல்லை. உதை தெரிந்தவர்களின் கண் முதலில் தேடுவது அந்தப் பாதத்தைத்தான். கட்டுரையிலும் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. காலை நன்றாக விரித்துப் பழகுங்கள், கணுக்காலில் எடை கட்டுங்கள், தினமும் 500 உதை உதையுங்கள், கணைக்காலைத் தட்டித் தட்டி இறுக்குங்கள் என்று நான்கு யோசனைகள் இருந்தன. நான்கும் வீசும் காலைப் பற்றியவை. உதையின் வலுவோ மற்றக் காலில் தொடங்குகிறது. அந்த நான்கையும் அப்படியே செய்து பார்க்கும் பிள்ளைகள் இருப்பார்கள் என்ற கவலையில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒருவருடைய ஒரு கால் அவர் உடல் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 10 கிலோ. காலை மட்டும் வீசுகிறவர் அந்த 10 கிலோவைத்தான் வீசுகிறார். இடுப்பும் சேர்ந்து திரும்பினால் உடம்பின் பெரும்பகுதி அந்த மோதலுக்குப் பின்னால் வந்து நிற்கும். வேகமும் இடுப்பிலிருந்துதான் வருகிறது. மோதும் எடை 2 மடங்கானால் ஆற்றல் 2 மடங்காகும். வேகம் 2 மடங்கானால் ஆற்றல் 4 மடங்கு. இடுப்பு முதலில் புறப்படுகிறது, தொடை அதைப் பின்தொடர்கிறது, கணைக்கால் மடிந்தபடி பின்தங்கி வருகிறது. இலக்கை நெருங்கும்போது தொடையின் வேகம் குறைய, அந்த வேகமெல்லாம் கணைக்காலுக்குப் போய்ச் சேர்கிறது. சாட்டையின் கைப்பிடி நிற்கும்போது நுனி சொடுக்குவதைப் போன்றதுதான் இது. வரிசை குலைந்து பாதம் முதலில் கிளம்பிவிட்டால் சொடுக்கு கிடையாது. தரையிலிருந்து மேல்நோக்கிப் போகும் ஒரு தட்டல்தான் மிஞ்சும். எதிராளிக்கும் அது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இடுப்பு திரும்ப வேண்டுமென்றால் ஊன்றிய பாதம் வழிவிட வேண்டும். பாதம் முன்னோக்கியபடி தரையோடு ஒட்டியிருந்தால் இடுப்பு கொஞ்சம் திரும்பியதும் நின்றுவிடும். அதற்கு மேலும் தள்ளினால் முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். முழங்கால் மடக்கி நீட்டுவதற்கு அமைந்த மூட்டு. ஊன்றிய நிலையில் முறுக்கைத் தாங்க அமைந்தது அல்ல. சிலுவைத் தசைநார் கிழிவதும், மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு கிழிவதும் இந்த முறுக்கில்தான். வெறுங்காலோடு ரப்பர் விரிப்பில் பயிற்சி செய்பவர்களுக்கு ஆபத்து கூடுதல், ஏனென்றால் வியர்த்த பாதம் விரிப்பைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே குதிகாலைத் தரையிலிருந்து ஒரு விரல் உயரம் எழுப்பி, விரல்களுக்குப் பின்னால் உள்ள மேட்டின் மீது சுழல வேண்டும்.

எவ்வளவு சுழல வேண்டும் என்பது உதைக்கு உதை மாறும். முன் உதைக்கு 30 முதல் 45 பாகை போதும். பக்கத்திலிருந்து வளைந்து வரும், கராத்தேயில் மவாஷி கேரி என்று சொல்லும் சுழல் உதைக்கு, இடுப்பு உயரத்தில் குறைந்தது 90 பாகை. தலை உயரத்துக்குப் போகும்போது குதிகால் ஏறக்குறைய இலக்கைப் பார்த்திருக்க வேண்டும். பக்கவாட்டு உதையில் குதிகால் நேராக இலக்கைப் பார்க்க வேண்டும், அதாவது முழு 180 பாகை. கோணத்தைவிட நேரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். உதை போய்ப் பட்ட பிறகு பாதம் திரும்புகிறது. அப்போது திரும்பிப் பயனில்லை. உதை படும் நொடியில் ஊன்றிய பாதத்தின் திருப்பம் முடிந்திருக்க வேண்டும். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. தரையில் சுண்ணக்கட்டியால் இலக்கை நோக்கி ஒரு கோடு போட்டு அதன் மேல் நில்லுங்கள். மெதுவாக உதைத்து, கால் நீண்ட நிலையில் அப்படியே உறையுங்கள். குனிந்து ஊன்றிய பாதத்தைப் பாருங்கள். அதன் விரல்கள் கோட்டோடு இன்னும் இலக்கையே நோக்கியிருந்தால் அந்த உதையில் இடுப்பு இல்லை.

இதைச் சரிசெய்ய, முதல் 2 வாரம் உதைக்கவே வேண்டாம் என்பேன். சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு, முழங்காலைத் தூக்கியபடி ஊன்றுகாலை மட்டும் சுழற்றித் திரும்பி வருவது. ஒரு காலுக்கு 20 முறை. சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் இது பழகாமல் மேலே போனால், தவறான உதையையே வேகமாக உதைக்கக் கற்றுக்கொள்வோம். அடுத்து ஒரு நாற்காலி. உங்களுக்கும் இலக்குக்கும் நடுவில் நாற்காலியை வைத்து, அதன் இருக்கைக்கு மேலாகச் சுழல் உதையை அனுப்புங்கள். முழங்கால் முதலில் உயர்ந்தால்தான் கால் நாற்காலியில் இடிக்காமல் போகும். இருக்கை உயரம் கைவந்த பிறகு முதுகுச்சாய்வின் உயரம். சொல்லிச் சொல்லியும் திருந்தாத முழங்கால் நாற்காலிக்குத் திருந்திவிடும். தாய்லாந்தின் முய் தாய் முறையில் காலை அவ்வளவாக மடக்காமல் கணைக்காலால் அடிப்பார்கள். அதற்கு இந்த நாற்காலிப் பயிற்சி பொருந்தாது. ஊன்றுகாலின் சுழற்சி அங்கும் இதேதான். கூடவே உதைக்கும் பக்கத்துக் கை வேகமாகக் கீழே பின்னோக்கி வீசப்படும். கால் ஒரு பக்கம் சுழலும்போது கை எதிர்ப்பக்கம் போவதால்தான் உடம்பு நிலை தடுமாறாமல் நிற்கிறது. மற்றக் கை தாடையை விட்டு நகரக் கூடாது.

பக்கவாட்டு உதைக்கு நாற்காலியைவிடச் சுவரே நல்ல ஆசிரியர். இடுப்பு உயரத்தில் பாதத்தைச் சுவரில் பதித்து, உதை முடிந்த நிலையில் நின்றுகொண்டு சுவரைத் தள்ளுங்கள். குதிகால், இடுப்பு, தோள் மூன்றும் ஒரே கோட்டில் இருந்தால் தள்ளும் விசை ஊன்றுகால் வழியாகத் தரைக்கு இறங்குவது தெரியும். பிட்டம் பின்னால் பிதுங்கியிருந்தால் இடுப்பு மடங்கும். சுவர் உங்களைத்தான் பின்னே தள்ளும். பயிற்சிக்காகத் தொங்கவிட்ட கனமான பையில் உதைக்கும்போது பை அசையாமல் உதைத்தவர் பின்வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். எடை குறைவு என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் இடுப்பு மடங்கியதுதான் காரணம். இந்த உதையில் விரல்களைவிடக் குதிகால் சற்றே மேலே இருக்க வேண்டும். விரல்கள் மேல்நோக்கினால் முழங்காலும் கூரையைப் பார்க்கத் தொடங்கும், உதை தள்ளுவதை விட்டு மேலே எறியும்.

முன் உதையில் விரல்களைப் பின்னுக்கு மடக்கி, விரல்களுக்குப் பின்னால் உள்ள மேட்டால் அடிக்க வேண்டும். மடக்காவிட்டால் விரல் எலும்பு முறியும், அவ்வளவுதான் விஷயம். குதிகாலை உயர்த்தி அந்த மேட்டின் மீது நின்று பாருங்கள். விரல்கள் அப்போது எப்படி மடங்கியிருக்கின்றனவோ அதே வடிவம்.

இனி காலை விரிப்பது பற்றி. தலை உயரத்துக்கு உதைக்கும் ஆசை எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. டேக்வாண்டோ போட்டியில் உடற்கவசத்தில் உதைத்தால் 2 புள்ளி, தலைக்கு 3. கராத்தே போட்டியிலும் உடலுக்கு 2, தலைக்கு 3. ஆனால் உயரம் தசையின் நீளத்தால் மட்டும் வருவதல்ல. சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பாதங்களும் முன்னோக்கியிருக்க, உடலைச் சாய்க்காமல் ஒரு காலை நேர் பக்கவாட்டில் தூக்கிப் பாருங்கள். பலருக்குச் சுமார் 45 பாகையில் நின்றுவிடும். இப்போது ஊன்றிய குதிகாலைத் தூக்கிய கால் இருக்கும் பக்கமாகத் திருப்பி, இடுப்பையும் உருட்டிவிடுங்கள். அதே கால், அதே தசை, இன்னும் மேலே போகும். முதலில் தடுத்ததில் எலும்புக்கும் பங்கு உண்டு. தொடை எலும்பின் மேல்முனை இடுப்புக் கிண்ணத்தின் விளிம்பை நெருங்கியதும் அதற்கு மேல் போக வழியில்லை. இடுப்பு உருண்டதும் வழி பிறக்கிறது. கிண்ணத்தின் ஆழமும் தொடை எலும்பின் கோணமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். எத்தனை ஆண்டு இழுத்தாலும் சிலருக்குப் பக்கவாட்டு ஸ்பிளிட், அதாவது இரண்டு கால்களையும் பக்கவாட்டில் விரித்துத் தரையோடு அமர்வது, வராது. அது சோம்பலின் அடையாளம் அல்ல. எலும்பில் இடிக்கும் தொடையை மேலும் அழுத்தினால் மூட்டின் விளிம்பில் உள்ள குருத்தெலும்பு தேயும், கிழியும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம், மாணவனின் தொடைமேல் ஏறி நின்று ஸ்பிளிட் இறக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. பிள்ளை அழுதால் "பழகிவிடும்" என்கிறார்கள். வளரிளம் பருவத்தில் தசைநார் எலும்பில் பற்றும் இடம் இன்னும் முழுதாக இறுகியிருக்காது. தொடையின் பின்தசை உட்காரும் எலும்பில் பற்றியிருக்கிறது. கட்டாயமாக இழுக்கும்போது அந்தப் பற்றிடத்தில் ஒரு துண்டு எலும்பே பிய்ந்து வந்துவிடக்கூடும். "டப்" என்ற சத்தம், உடனே வலி, உட்கார முடியாமை ஆகியவை அதன் அறிகுறிகள். அதைத் தசைப்பிடிப்பு என்று எண்ணி எண்ணெய் போட்டுத் தேய்ப்பது தவறு. எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முன்பக்கத்திலும் இதே ஆபத்து உண்டு. வேகமாக உதைக்கும்போது தொடையின் முன்தசை இடுப்பெலும்பிலிருந்து பிய்வது இந்த வயதில் நேர்கிறது.

பயிற்சிக்கு முன்னால் நீண்ட நேரம் அசையாமல் இழுத்துப் பிடிப்பதும் உதைக்கு உதவாது. ஒரு தசையை 1 நிமிடத்துக்கு மேல் அப்படிப் பிடித்தால், அதன் வெடிப்பு விசை சற்று நேரத்துக்குக் குறைகிறது. முன்னால் செய்ய வேண்டியது 10 நிமிட அசைவு: மெல்லோட்டம், இடுப்பு வட்டம், காலை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் வீசுதல், ஒவ்வொன்றும் 10 முதல் 15 முறை, உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு. இழுத்துப் பிடிக்கும் பயிற்சி கடைசியில், உடம்பு சூடாக இருக்கும்போது. ஒரு தசைக்கு 30 விநாடி, 2 அல்லது 3 முறை. இழுவை தெரியலாம், கூர்மையான வலி கூடாது. உயரம் வேண்டும் என்றால் இதைவிடப் பயனுள்ளது மெதுவாக உதைப்பது. 3 விநாடியில் முழங்காலைத் தூக்கி, 3 விநாடியில் நீட்டி, 2 விநாடி நிறுத்தி, 3 விநாடியில் மடக்கி, 3 விநாடியில் இறக்குவது. ஒரு காலுக்கு 5 போதும். இது தசையை நீட்டுவதோடு அந்த உயரத்தில் காலைப் பிடித்து நிறுத்தும் பலத்தையும் தருகிறது. கையால் பிடித்து இழுத்தால் காது வரை வரும் கால், தானாக நெஞ்சு வரைதான் வரும் என்றால் குறை பலத்தில்தான் இருக்கிறது.

கணுக்காலில் எடை கட்டி வேகமாக உதைக்கும் யோசனையைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். எடை கட்டிய கால் மெதுவாகப் புறப்பட்டு, நீண்டு முடியும் இடத்தில் முழங்காலை வெளியே இழுக்கும். காற்றில் உதைக்கும்போது எடை இல்லாமலே முழங்கால் அடித்துப் பூட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. அதனால்தான் காற்றில் உதைக்கையில் கடைசி 10, 15 பாகையை மடக்கியே வைத்திருக்கச் சொல்கிறோம். இதில் ஒரு கிலோ மணலையும் கட்டிவிட்டால் தாங்குவது தசைநார்தான். சுமை வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. குந்தி எழுதல், ஒற்றைக் காலில் நின்று இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்தல், பக்கவாட்டில் படுத்து முழங்கையை ஊன்றி உடலைத் தூக்கிப் பிடித்தல். முதல் இரண்டும் 8 முதல் 10 முறை, 3 சுற்று. மூன்றாவது பக்கத்துக்கு 30 விநாடி. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு ஒரு பக்கம் சரிந்தால் பிட்டத்தின் பக்கத் தசை பலவீனமாக இருக்கிறது என்று பொருள். அப்படி இருப்பவருக்கு உதைக்கும் நொடியில் ஊன்றுகாலின் முழங்கால் உள்ளே சாயும்.

நாளுக்கு 500 உதை என்பதில் எண்ணிக்கை எனக்குப் பொருட்டல்ல. எதற்காக உதைக்கிறோம் என்பதே கேள்வி. முழு வலுவில் உதைப்பதற்குத் தசைக்குள் தயாராக இருக்கும் ஆற்றல் சில விநாடிகளில் தீர்ந்துபோகும். பெரும்பகுதி நிரம்ப 2, 3 நிமிடம் ஆகும். இடைவெளியில்லாமல் உதைக்கிறவரின் 40ஆவது உதையில் வலு இருக்காது, ஊன்றுகாலும் சுழலாது. களைத்த உடம்பு சுருக்குவழியைத்தான் தேடும். அந்தச் சுருக்குவழியை 460 முறை பழகுவதாகிவிடுகிறது. வலுவுக்கு என்றால் 4 அல்லது 5 உதை, ஒவ்வொன்றும் முழு மூச்சாக, பிறகு 2 நிமிட ஓய்வு. இப்படி 5 சுற்று ஒரு காலுக்கு. வேகம் குறைவதாகத் தெரிந்தால் அன்றைக்கு வலுப் பயிற்சி முடிந்தது. தாக்குப்பிடிக்கும் பயிற்சிக்கு நீண்ட சுற்றுகள் தேவைதான். அதைத் தனி நாளிலோ வகுப்பின் முடிவிலோ வைக்கலாம். வாரம் 3 நாள் வலுப் பயிற்சி, நடுவில் ஒரு நாளாவது இடைவெளி.

தொங்கும் பையில் உதைக்கும்போது அது என்ன சொல்கிறது என்று கவனிக்க வேண்டும். பை பெரிதாக ஊஞ்சலாடினால் நீங்கள் தள்ளுகிறீர்கள். அடிபட்ட இடத்தில் மடிந்து, அதிகம் ஆடாமல் அதிர்ந்தால் உதை உள்ளே இறங்கியிருக்கிறது. பெரியவர்களுக்கு 30 முதல் 45 கிலோ எடையுள்ள பை போதும். பையின் மேற்பரப்பைக் குறிவைக்காமல் ஒரு சாண் உள்ளே குறிவையுங்கள். படும் நொடியில் மூச்சை வெளியே விடுங்கள். சுழல் உதையில் கணுக்காலை நீட்டி இறுக்கி, புறங்காலின் மேற்பகுதியோ கணைக்காலின் கீழ்ப்பகுதியோ படும்படி தூரத்தை அமைக்க வேண்டும். தூரம் கூடினால் விரல்கள்தான் படும். உதைத்த காலைக் கீழே போடாமல் போன வழியே மடக்கித் திரும்ப வைப்பதும் உதையின் பகுதிதான்.

பேட், அதாவது உதையை வாங்கும் திண்டு, பிடிப்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையை நீட்டித் தளர்வாகப் பிடித்தால் அவருடைய தோளும் மணிக்கட்டும் போய்விடும், உதைப்பவருக்கும் வெற்றிடத்தில் உதைத்த உணர்வுதான். முழங்கைகளை விலாவோடு சேர்த்து, இரண்டு பேடையும் ஒட்டி, உதை படும் நொடியில் ஒரு விரற்கடை அளவு முன்னால் தள்ளி வாங்க வேண்டும்.

கணைக்காலைக் கட்டையாலும் பாட்டிலாலும் உருட்டி இறுக்குவது வேண்டாத வேலை. தாங்கும் சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதை 1892இல் ஜூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய மருத்துவர் நூலாகவே எழுதிவிட்டார். அந்த மாற்றம் பையில் மாதக்கணக்கில் உதைத்து வருவது. உருட்டும் பாட்டில் எலும்பின் மேலுறையையும் நரம்பையும்தான் நசுக்குகிறது. பயிற்சி முடிந்து ஓய்ந்த பிறகும் எலும்பில் ஒரே இடத்தைத் தொட்டால் கூர்மையாக வலித்தால் அது எலும்பில் விழுந்த நுண்விரிசலாக இருக்கலாம். உதைப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வலு கூடும்போது அதை நிறுத்தவும் தெரிய வேண்டும். கராத்தே ஒலிம்பிக்கில் முதன்முதலில் இடம்பெற்ற டோக்கியோ போட்டியில், 2021 ஆகஸ்ட் 7 அன்று, 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்கள் இறுதிச் சுற்றில் சவூதி அரேபியாவின் தாரிக் ஹமெதி 4-1 என்று முன்னிலையில் இருந்தார். அவருடைய உதை ஈரானின் சஜாத் கஞ்ச்சாதேயின் தலையில் கட்டுப்பாட்டை மீறிப் பட்டு, கஞ்ச்சாதே நினைவிழந்து விழுந்தார். ஹமெதி தகுதி நீக்கம் செய்யப்பட்டார், தங்கம் கஞ்ச்சாதேக்குப் போனது. நல்ல வீரர்தான், நல்ல உதைதான். இணையரோடு பழகும்போது முதலில் துணியைத் தொட்டு நிறுத்தும் தூரத்தில் 10 உதை, பிறகுதான் பேடில் முழு வலு என்ற வரிசையை வகுப்பில் வைத்தால் இந்தக் கட்டுப்பாடும் கூடவே வளரும்.

பெற்றோருக்கு ஒரு விஷயம். 10 முதல் 15 வயதுக்குள் வேகமாக உயரும் பிள்ளைக்கு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு மேடிட்டுத் தொட்டால் வலித்தால், அது தொடைத் தசைநார் இழுப்பதால் வளரும் எலும்பில் வரும் வீக்கமாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள். உதையையும் குதிப்பதையும் குறைத்தால் பெரும்பாலும் ஆறிவிடும், ஆனால் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஆகலாம். அந்த நாட்களில் வகுப்பை நிறுத்த வேண்டியதில்லை. வலி வராத அளவில் சுவரைப் பிடித்து நிற்கும் பயிற்சியையும் கைப் பயிற்சியையும் செய்யலாம். உயரம் வேகமாகக் கூடும் மாதங்களில் தசை எலும்புக்கு ஈடுகொடுக்காமல் விறைப்பாக இருப்பதும், சென்ற ஆண்டு எட்டிய உயரத்தை இந்த ஆண்டு கால் எட்டாமல் போவதும் இயல்பு. மாஸ்டர் அதற்காகத் தண்டனையாக ஸ்பிளிட் கொடுத்தால், பிள்ளையை அங்கிருந்து அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தற்காப்புக் கலைப் பயிற்றுநர் ஒருவர்